கோலியை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், கால்பந்தில் சொதப்பிய கோலிகளை (கோல்கீப்பர்களை) வரிசைப்படுத்தி வந்த 'கோட்டை விட்ட கோலிகள்' பட்டியலைப் படித்தேன். தலைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லிவர்பூலின் லோரிஸ் கரியஸுக்கு முதலிடம், பிரேசிலின் பார்போசாவுக்கு இரண்டாமிடம் என்று கொடுத்து, ஆளுக்கு நான்கு வரி எழுதி, பக்கத்தில் ஒரு கேலிச்சித்திரமும் போட்டு முடித்துவிட்டீர்கள். விட்டுப்போனதுதான் விஷயமே என்பதால் இந்தக் கடிதம்.

2018 மே 26, உக்ரைனின் கீவ் நகரம், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. இடைவேளைக்குப் பிறகு சில நிமிடங்களிலேயே ரியல் மாட்ரிட்டின் செர்ஜியோ ராமோஸ் இடித்ததில் அவர் முழங்கை கரியஸின் தலையில் பட்டது. நடுவர் கண்டுகொள்ளவில்லை. அடுத்த இரண்டு மூன்று நிமிடத்தில் கரியஸ் கையால் உருட்டிவிடப் பார்த்த பந்து, பக்கத்திலேயே நின்றிருந்த மாட்ரிட்டின் பென்சமா நீட்டிய காலில் பட்டு வலைக்குள் போனது. அப்புறம் 83-ஆவது நிமிடத்தில் அதே அணியின் கேரத் பேல் வெகுதூரத்திலிருந்து அடித்த பந்து, நேராகக் கைக்கு வந்தும் நழுவியது. லிவர்பூல் 3-1 என்று தோற்றது. நம்மூரில் அப்போது இரவு இரண்டு மணி தாண்டியிருந்தது, விடிவதற்குள் வாட்ஸப் குழுக்களில் வடிவேலு மீம்ஸ் வந்து குவிந்துவிட்டன. அங்கே கீவில் அந்த ஆள் புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தார். அவரைத் தூக்கிவிட முதலில் போனது எதிரணிக்காரர்கள். எழுந்ததும் லிவர்பூல் ரசிகர்கள் இருந்த பக்கம் போய், அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கொலை மிரட்டல்கள் வந்து, போலீஸ் அறிக்கை விடும் அளவுக்குப் போனது.

ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கரியஸைப் பரிசோதித்தார்கள். ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது, பார்வையால் தூரத்தையும் இடத்தையும் கணிக்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கிறது, அது அவர் ஆட்டத்தையும் பாதித்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள் மருத்துவர்கள். இதை வைத்து அவர் மேல் தப்பே இல்லை என்று நான் வாதாடவில்லை, பென்சமா காலருகே பந்தை உருட்டியது யார் செய்தாலும் தப்புதான். ஆனால் தலையில் அடிபட்டவரை மீதி ஆட்டம் முழுக்கக் களத்திலேயே விட்டிருந்தார்கள் என்பதை எழுதாமல் அந்த இரண்டு கோலை மட்டும் எழுதினால் அது பாதிக் கதை. தலைக் காயத்துக்காகத் தனியாக ஒரு மாற்று ஆளை இறக்கலாம் என்ற ஏற்பாடு இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 2021-இல்தான் சோதனையாக வந்தது.

சரி, அதே லிவர்பூலில் அடுத்து நடந்ததைப் பாருங்கள். கரியஸை ஓரங்கட்டி, இத்தாலியின் ரோமா கிளப்பிலிருந்து பெருந்தொகை கொடுத்து அலிசன் என்ற கோலியைக் கொண்டுவந்தார்கள். 2018 செப்டம்பர் முதல் தேதி, லெஸ்டரில் ஆட்டம். அலிசன் தன் கோல் பக்கத்திலேயே எதிராளியை ஏமாற்றித் திரும்பப் போய், லெஸ்டரின் இஹியனாச்சோவிடம் பந்தைப் பறிகொடுத்தார், அடுத்த நொடி கோல். கரியஸ் செய்ததைவிட இது ஒன்றும் சின்னப் பிழை இல்லை, சொல்லப்போனால் வேண்டாத விளையாட்டு. ஆனால் லிவர்பூல் 2-1 என்று ஜெயித்துவிட்டது, அதனால் மேனேஜர் முதல் ரசிகர் வரை சிரித்துக்கொண்டே கடந்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக இதே அலிசன் அடுத்தடுத்து இரண்டு தடவை பந்தை எதிராளி காலிலேயே கொடுத்து 4-1 என்று தோற்றபோதும் சில நாள் முணுமுணுப்போடு சரி. (அவர் அருமையான கோலி, அந்தப் பருவத்தின் கடைசியில் வெஸ்ட் புரோம்விச் ஆட்டத்தில் முன்னால் ஓடிப் போய்த் தலையால் முட்டி ஜெயிப்பு கோலே போட்டவர், அது வேறு கதை.) ஆக, நாம் பிழையை அளப்பதே இல்லை, ஆட்டம் என்ன ஆனது என்று பார்த்துத்தான் திட்டுகிறோம்.

பார்போசா விஷயம் இன்னும் மோசம். 1950 ஜூலை 16, மரக்கானா மைதானம். உருகுவேயுடன் டிரா செய்தாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டத்தில் ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று நொறுக்கியிருந்தார்கள், பத்திரிகைகள் முன்கூட்டியே பட்டம் கட்டிவிட்டன. முதல் கோலும் பிரேசிலே போட்டது. அப்புறம் உருகுவேயின் கிஜ்ஜா வலப்பக்கம் ஓடிவந்து பந்தை நடுவே தள்ள, ஸ்கியாஃபினோ அடித்து 1-1. 79-ஆவது நிமிடத்தில் கிஜ்ஜா அதே பக்கம், அதே மாதிரி ஓடிவருகிறார். இந்தத் தடவையும் நடுவேதான் கொடுப்பார் என்று பார்போசா லேசாக நகர, அந்த இடைவெளியில் கம்பத்தை ஒட்டி உள்ளே அடித்துவிட்டார் கிஜ்ஜா. சற்று முன்பு அப்படித்தானே கோல் விழுந்தது, எந்தக் கோலியும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். அந்த ஒரு காலடிக்கு பார்போசா 2000-இல் சாகும்வரை பேச்சு வாங்கினார். 1993-இல் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குப் போனவரை ராசியில்லாதவர் என்று உள்ளே விடவில்லை. பிரேசிலில் அதிகபட்ச தண்டனையே முப்பது வருடம், நான் செய்யாத குற்றத்துக்கு ஐம்பது வருடம் அனுபவிக்கிறேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். இதில் நிறமும் இருக்கிறது. அன்றைக்குப் பழி விழுந்த பார்போசா, தடுப்பாட்டக்காரர்கள் பிகோடே, ஜுவெனால் மூவருமே கறுப்பினத்தவர். 2006-இல் டிடா வரும்வரை உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு இன்னொரு கறுப்பின முதன்மைக் கோலி இல்லை.

கோலியை விமர்சிக்கவே கூடாது என்கிறாயா என்று கேட்பீர்கள். தாராளமாக விமர்சியுங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் கோலி ஒனானா 2025 ஏப்ரலில் லியோன் ஆட்டத்தில் இரண்டு கோலுக்குக் காரணமானார், அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்தார்கள், அது நியாயம். (பதிலுக்கு பாயிந்திர் இறங்கிய அந்த நியூகாசில் ஆட்டத்தில் யுனைடெட் 4-1 என்று தோற்றது, அதற்குப் பட்டியல் போட்டதாகத் தெரியவில்லை.) ஆனால் காலால் பந்தைக் கடத்தத் தெரிந்த கோலி வேண்டும் என்றுதான் பழைய கோலி டி ஹேயாவை விட்டுவிட்டு இன்டர் மிலானிலிருந்து அவரை வாங்கினார்கள். பின்னாலிருந்தே பாஸ் கொடு, துணிந்து கொடு என்று பயிற்சியாளர் சொல்வார், பத்தில் ஒன்று தப்பினால் பழி மட்டும் கையுறை போட்டவனுக்கு.

இந்தப் பயம் அவர்கள் ஆட்டத்தையே கெடுக்கிறது. 2007-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். நடுவில் நின்றுகொண்டே இருந்தால்தான் தடுக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் நூறில் ஆறு தடவைதான் கோலிகள் நடுவில் நிற்கிறார்கள். நின்றபடி கோல் விட்டால் மரம் மாதிரி நின்றான் என்று ஏசுவோம், பாய்ந்து விட்டால் முயற்சியாவது செய்தான் என்போம். அதனால் பாய்கிறார்கள்.

உங்கள் பட்டியலில் ஐந்தாவதாக வந்த ஜெர்மனியின் ஆலிவர் கானைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. 2002 உலகக் கோப்பையில் இறுதிப் போட்டிக்கு முன் மொத்தமே ஒரு கோல்தான் விட்டிருந்தார். அந்தப் போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான், வேறு எந்தக் கோலியும் அதை வாங்கியதில்லை. இறுதிப் போட்டியில் பிரேசிலின் ரிவால்டோ அடித்ததைக் கையில் தேக்க முடியாமல் விட, ரொனால்டோ உள்ளே தள்ளினார், அவ்வளவுதான். இவர் 'கோட்டை விட்டவர்' என்றால் அன்றைக்கு ஒரு கோல்கூடப் போடாத ஜெர்மன் முன்வரிசையை என்னவென்று சொல்வீர்கள்?

அந்தப் பக்கம் உங்கள் இணையதளத்தில் இன்னும் இருக்கிறது, நேற்றுகூடப் பார்த்தேன். கரியஸின் பெயருக்குக் கீழே பாஸ்டன் பரிசோதனையைப் பற்றி இரண்டு வரி சேருங்கள். கானை எடுத்துவிடுங்கள். அந்தக் கேலிச்சித்திரம் என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை, ஆனால் அதில் கோலிக்குக் கையுறையே போடவில்லை என்பதை வரைந்தவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி