சேகருக்கு, டெர்ரா ஆல்ட்டா ஒயின் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஜார்ஜ் மறுபடியும் வீடு மாறுகிறானா? திருந்தவே மாட்டான்.

"மலிவான வெள்ளை ஒயின் என்றால் புளித்தண்ணி" என்று எழுதியிருக்கிறாயே, அதைச் சும்மா விடமுடியாது. போன வாரம்தான் டெர்ரா ஆல்ட்டா போய்வந்தேன். ஸ்பெயினில் கத்தலோனியாவின் தென்மேற்கு மூலை, அராகோன் எல்லையை ஒட்டிய மேட்டு நிலம். பக்கத்து ஒயின் வட்டாரமான பிரியோராட்டுக்கு உலகெல்லாம் பேர். இதைக் கேட்டவர்கள் குறைவு. காந்தேசா ஊர் ஒயின் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டில் ஆறு யூரோவுக்கு வாங்கினேன்.

திராட்சை, கர்னாச்சா பிளாங்கா என்ற வெள்ளைச் சாதி. உலகில் விளைவதில் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சின்ன வட்டாரத்தில்தான் என்கிறார்கள். பல்லைக் கூசவைக்கும் புளிப்பே இல்லையடா! பேரிக்காய், கொஞ்சம் சோம்பு, விழுங்கியபின் பாதாம் தோலின் இலேசான கசப்பு. காற்றுப்பட்டால் சீக்கிரம் பழுப்பேறிவிடும் சாதி; குளிரூட்டிய எஃகுத் தொட்டிகள் வந்தபிறகுதான் இந்தப் புத்துணர்ச்சி கிடைத்திருக்கிறது. எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து அடிக்கும் 'செர்ஸ்' என்ற வறண்ட காற்று, கொடியில் பூஞ்சை அண்டவிடாது.

அந்தச் சங்கக் கட்டடத்தை நீ பார்க்கவேண்டும். கட்டடக் கலைஞர் கௌடியின் வழிவந்த செசார் மார்ட்டினெல் 1919-இல் வடிவமைத்தது. மெல்லிய செங்கலை அடுக்கியே கூரை முழுக்க வளைவு. குடியானவர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட இடம் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1938 ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் எப்ரோ சண்டை இந்தத் தோட்டங்களில்தான் நடந்தது. பக்கத்தில் கொர்பெராவின் பழைய ஊர் இடிந்தபடியே நிற்கிறது. உழும்போது இன்னும் குண்டுச் சில்லு வருகிறது என்றார் ஒரு பெரியவர்.

அவரைப் பற்றித்தான் கவலை. எழுபது தாண்டியவர். மகன் தாரகோனா பெட்ரோ கெமிக்கல் ஆலையில், தோட்டத்துக்குத் திரும்பமாட்டானாம். கிழட்டுக் கொடி குறைவாகக் காய்க்கும், ருசி அதில்தான். திராட்சையின் எடைக்குத் தக்கபடி காசு வாங்குகிறவர் அதை எத்தனை நாள் வைத்திருப்பார்? எட்டு யூரோ கேட்டாலும் நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். அந்த இரண்டு யூரோ அவர் கைக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.

உனக்கு இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். ஃப்ரீசரில் வைக்காதே, பத்துப் பன்னிரண்டு டிகிரி போதும், அதற்குமேல் குளிர்ந்தால் வாசனை செத்துவிடும். வறுத்த மீனோடு குடி.

செப்டம்பரில் அறுவடை, அதற்கு வா. காரை நான்தான் ஓட்டுவேன், ஏற்காடு எனக்கு மறக்கவில்லை. லீவு கிடைக்குமா என்று உடனே எழுது.

உன்,
ரவி