பதின்மூன்றை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை?

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை சிகிச்சை முடிந்து நீயே உன் கைப்பட எழுதியிருப்பதைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்; அடுப்புப் பக்கம் இப்போதைக்குப் போகாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் ஆகிவிட்டது, வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

உன் பேத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். "மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக டிஎன்ஏ எதுக்குப் பாட்டி? எல்லாம் உட்கருவிலேயே இருந்தால் போதாதா?" நீட் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்துவிட்டு நகராமல் இப்படி நின்று கேட்கிறாள் என்றால், அவளை என் சார்பில் ஒருமுறை கட்டிக்கொள். ஆய்வாளர்களே இன்னும் விவாதிக்கிற கேள்வி அது. நீ அவளுக்குப் படித்துக் காட்டுவாய் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தருகிற மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா என்பதை அவள் பாடத்திலேயே படித்திருப்பாள். அந்த எண்ணம் எவ்வளவு பழையது, எத்தனை முறை ஒதுக்கப்பட்டது என்பதைப் பாடம் சொல்லாது. ஜெர்மனியில் ரிச்சர்டு ஆல்ட்மன் 1890-லேயே செல்லுக்குள் தெரிந்த இந்தத் துகள்களைத் தனி உயிர்கள் என்றார். 1920-களில் அமெரிக்காவில் ஐவன் வாலின் அவை பாக்டீரியாவே என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1963-ல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் தம்பதி கோழிக்கருவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டிஎன்ஏ இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதே எண்ணத்தை முன்வைத்துத் தன் கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 29. பதினைந்து இதழ்கள்வரை திருப்பி அனுப்பிய பிறகே அது அச்சேறியதாக அவரே சொல்லியிருக்கிறார். செல்லில் புரதங்களைக் கட்டுகிற ரைபோசோமின் ஆர்என்ஏ வரிசையை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை 1970-களில் வந்த பிறகு, மைட்டோகாண்ட்ரியாவின் உறவு பாக்டீரியாக்களோடுதான் என்பது மெல்ல மெல்ல உறுதியானது.

இந்த உறவு வெறும் பழங்கதை இல்லை. காசநோய்க்கு ஊசி போட்டுக் காது மந்தமான உன் பெரியப்பாவை நினைத்துப் பார். ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்குகிற மருந்து. நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமும் அதே வம்சம்தானே! சிலருக்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 1555-ஆவது எழுத்து மாறியிருக்கும். அந்த ஒரு மாற்றத்தால் அவர்களுடைய ரைபோசோம் பாக்டீரியாவினுடையதை இன்னும் கொஞ்சம் ஒத்ததாக ஆகிவிடுகிறது. மருந்து அங்கேயும் போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் மருந்திலேயே காது போய்விடும். 1993-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். தாய்வழியில் மட்டும் வருகிற மாற்றம் இது. பெரியப்பாவுக்கு இதுதான் காரணமா என்று நம்மால் சொல்ல முடியாது. அந்த மருந்தை நிறைய நாள் போட்டால் இந்த மாற்றம் இல்லாதவர்களுக்கும் காது பாதிக்கும்.

இப்போது டிஎன்ஏவுக்கு வருவோம். மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை 1981-ல் கேம்பிரிட்ஜில் சாங்கரின் குழு முழுதாகப் படித்துவிட்டது. 16,569 எழுத்துகள்; 37 மரபணுக்கள். அவற்றில் புரதத்துக்கானவை 13 மட்டுமே. மற்ற 24-ம் அந்தப் புரதங்களைக் கட்டத் தேவையான ஆர்என்ஏக்கள். ஆனால் மைட்டோகாண்ட்ரியா நடமாட ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அந்த மரபணுக்கள் எல்லாம் இப்போது உட்கருவில்; பழைய பாக்டீரியாவிடம் இருந்தவற்றில் பல அங்கே குடிபெயர்ந்துவிட்டன, பல தொலைந்தே போயின. புரதங்கள் வெளியே தயாராகி உள்ளே வருகின்றன. ஆக, உன் பேத்தியின் கேள்வியை இப்படித் திருப்பிக் கேட்கலாம்: இத்தனையையும் விட்டுக்கொடுத்தது இந்தப் பதின்மூன்றை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை?

அந்தப் பதின்மூன்றும் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்தால் வழி தெரிகிறது. ஒன்றுவிடாமல் எல்லாம் உள்சவ்வில் இருப்பவை. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களைக் கைமாற்றிக்கொண்டே போகிற புரதக் கூட்டமைப்புகளின் வரிசைக்குச் சுவாசச் சங்கிலி என்று பெயர். அதன் முதல் கூட்டமைப்பில் ஏழு, மூன்றாவதில் ஒன்று, நான்காவதில் மூன்று, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செய்கிற நொதியில் இரண்டு.

இங்கே பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செலைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. உணவிலிருந்து கிடைக்கிற ஆற்றல் ஏடிபியாக மாறுவது எப்படி என்று எல்லோரும் இடையில் ஒரு வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்த காலம். மிட்செல் 1961-ல், அப்படி ஒரு பொருளே இல்லை, சவ்வின் இரு பக்கமும் புரோட்டான் அளவில் இருக்கிற வித்தியாசம்தான் அந்த ஆற்றல் என்றார். ஏற்றவர்கள் மிகச் சிலர். உடல்நிலை கெட்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டார். கார்ன்வாலில் சிதிலமாகக் கிடந்த ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, ஜெனிஃபர் மொய்லுடன் சேர்ந்து அங்கேயே ஆய்வகம் வைத்து வேலை செய்தார். 1978-ல் வேதியியல் நோபல் அவர் ஒருவருக்கே கிடைத்தது. உயிரியலில் டார்வினுக்குப் பிறகு எனக்கு மிகவும் பிடித்த எண்ணம் மிட்செலுடையதுதான்.

எலக்ட்ரான்கள் சங்கிலியில் கைமாறிக்கொண்டே போகும்போது புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. மேட்டூரில் தேக்கிய தண்ணீர் டர்பைனைச் சுற்றுவது போல, அவை திரும்பி உள்ளே வருகிற வழியில் ஏடிபி நொதியைச் சுற்றுகின்றன. சுற்றுகின்றன என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த நொதியின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டவைத்து, ஏடிபியைக் கொடுத்து எதிர்த்திசையில் ஓடவிட்டு, அது சுழல்வதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. இப்படி ஒரு நாளில் நம் உடம்பு செய்து செலவழிக்கிற ஏடிபி ஏறக்குறைய நம் எடை அளவுக்கு வரும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தச் சவ்வின் தடிமன் சுமார் 6 நானோமீட்டர், இரு பக்கமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 150 மில்லிவோல்ட். வகுத்துப் பார்க்கச் சொல் அவளை: ஒரு மீட்டருக்கு இரண்டரைக் கோடி வோல்ட்!

இவ்வளவு மின்புலம் இருக்கிற இடத்தில், எலக்ட்ரான் ஓட்டம் எங்கேயாவது தடைபட்டால் அவை ஆக்சிஜனில் தவறாகப் போய்ச் சேர்ந்து சேதம் விளைவிக்கும். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான மைட்டோகாண்ட்ரியா இருக்கலாம். அவற்றில் எதற்கு எந்தப் பாகம் குறைகிறது என்று தூரத்தில் இருக்கிற உட்கருவுக்கு எப்படித் தெரியும்? பாகத்துக்கான மரபணு பக்கத்திலேயே இருந்தால் அந்தந்த மைட்டோகாண்ட்ரியா தன் தேவைக்குத் தானே செய்துகொள்ளலாம். ஜான் ஆலன் என்கிற ஆங்கிலேய உயிரியலாளர் சொல்கிற விளக்கம் இது. இன்னொரு தரப்பு, இந்தப் புரதங்கள் தண்ணீரோடு ஒட்டாதவை, வெளியே செய்தால் உள்ளே கொண்டுவருவது கடினம், அதனால்தான் இங்கேயே தங்கிவிட்டன என்கிறது.

வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஜியார்டியாவிடம் மைட்டோகாண்ட்ரியாவின் எச்சம் ஒன்று இருக்கிறது. அதில் சுவாசச் சங்கிலி கிடையாது, டிஎன்ஏவும் கிடையாது. இது இரண்டு விளக்கத்துக்கும் ஒத்துப்போகும். ஆனால் நாம் தாவரவியல்காரர்கள் ஆயிற்றே, பசுங்கணிகத்தைப் பார்ப்போம். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிற நொதியான ரூபிஸ்கோவின் பெரிய துணை அலகு தண்ணீரில் கரைகிற புரதம். தண்ணீரோடு ஒட்டாததுதான் காரணம் என்றால் இது உட்கருவுக்குப் போயிருக்கலாம்; இருந்தும் அதன் மரபணு பசுங்கணிகத்திலேயே இருக்கிறது. அதனால் நான் ஆலன் பக்கம். உன் பேத்தி மறுதரப்பை எடுத்தால் சண்டை போட எனக்கு ஆசைதான்.

இன்னொரு விஷயம். தாயின் மைட்டோகாண்ட்ரியாவில் கடுமையான கோளாறு இருந்தால், வேறொரு பெண்ணின் முட்டையில் உட்கருவை மட்டும் மாற்றிவைக்க பிரிட்டன் 2015-ல் சட்டம் இயற்றியது. நியூகாசிலில் அப்படி எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக 2025-ல் அறிவித்தார்கள். அந்தப் பதின்மூன்று புரதங்களில் ஏற்படும் பிழை ஒரு குழந்தையின் தசையையும் மூளையையும் என்ன செய்கிறது என்று படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மருத்துவம் படிக்கப் போகிறவளிடம் இதையும் சொல்.

தையில் உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கிறது. முந்தின நாளே வந்து உன் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். சுவாசச் சங்கிலியின் படத்தைப் புத்தகம் பார்க்காமல் வரைந்துவைக்கச் சொல் அவளை. புரோட்டான் எந்தெந்த இடத்தில் வெளியே போகிறது என்று அம்புக்குறி போட்டிருக்க வேண்டும். நீ கண்ணைப் பார்த்துக்கொள்ளடி, பதிலை அவளையே எழுதச் சொல்.

அன்புடன்,
சரோஜா