பாலின ஆய்வாளர்களுக்கு: பாடம் நடத்தும் வாய்ப்புகள்

வணக்கம் தோழர்களே. பாலினம், பாலியல்பு ஆய்வுகளில் முனைவர் பட்டம் செய்பவர்களுக்குப் பாடம் நடத்த எங்கே இடம் கிடைக்கும் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

முதலில் கிடைப்பது பெரும்பாலும் கற்பித்தல் உதவியாளர் வேலைதான். பேராசிரியர் விரிவுரை தருவார். சிறு குழு விவாதமும் தாள் திருத்துவதும் நம் தலையில். தனிப் பொறுப்பில் ஒரு பாடம் வேண்டுமென்றால் அறிமுகப் பாடங்களையும் கோடைக்கால வகுப்புகளையும் பாருங்கள். சொந்தத் துறையோடு நின்றுவிட வேண்டாம். சமூகவியல், வரலாறு, இலக்கியம், பொது சுகாதாரம் என்று பல துறைகளில் பாலினம் பற்றிய பாடங்கள் உண்டு. அங்கே ஆள் தேவையா என்பது பல நேரம் நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும்.

அப்புறம், விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிப் பாடத்திட்டம். ஆய்வேட்டின் அத்தியாயங்களை வாரத்துக்கு ஒன்றாக அடுக்கி அனுப்பாதீர்கள், இளங்கலை மாணவருக்கு அது ஏறாது. 1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா ஊடுவெட்டுத்தன்மை (இனம், பாலினம் போன்றவற்றின் பேரில் வரும் ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது) பற்றி எழுதியபோது, ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கை எடுத்துப் பேசினார். அந்த வழக்கை வைத்து ஒரே ஒரு வகுப்பை எப்படி நடத்துவீர்கள் என்று எழுதுங்கள். தேர்வுக் குழு பார்க்க விரும்புவது அதைத்தான் என்பது என் எண்ணம்.

மாணவர்கள் சொந்த வாழ்க்கையைப் பேசத் தொடங்கும் வகுப்பு இது. யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்ற விதியைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

வேலையை ஏற்கும் முன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு ஊதியம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அறிவிப்பு ஏதாவது கண்ணில் பட்டால், கடைசித் தேதியோடு இங்கே போடுங்கள்.