ஓகே கோவின் விமானப் பாட்டுக்கு உழைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

அமெரிக்க ராக் இசைக்குழுவான ஓகே கோவின் 'அப்சைட் டவுன் அண்ட் இன்சைட் அவுட்' பாட்டு 2014-இல் 'ஹங்ரி கோஸ்ட்ஸ்' ஆல்பத்தில் வந்தது. ஆட்கள் எடையின்றி மிதக்கும்படி பறந்த ஒரு விமானத்துக்குள் எடுத்த அதன் காணொளி 2016 பிப்ரவரியில் வெளியானது. திரையில் தெரிகிற குழுவினர் நால்வரையும், இயக்கிய டேமியன் குலாஷ், ட்ரிஷ் சீ இருவரையும் உலகமே பாராட்டியாயிற்று. இந்த மடல் மற்றவர்களுக்கு. சிறு செலவில் இசைக் காணொளி எடுக்கும் எங்களுக்கு உங்கள் வேலை ஒரு பாடப்புத்தகம். அந்தக் கடனுக்குத்தான் இந்த நன்றி.

முதல் வணக்கம், மாஸ்கோவுக்கு அருகே ககாரின் விண்வெளி வீரர் பயிற்சி மையத்தின் இலியூஷின்-76 எம்டிகே விமானத்தை ஓட்டிய விமானிகளுக்கு. விமானம் மூக்கைத் தூக்கிச் சுமார் 45 டிகிரி சாய்வுக்கு ஏறும்போது உள்ளே இருப்பவர்களின் எடை கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. பிறகு விமானி உந்துவிசையைக் குறைத்து, காற்றின் தடையை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார். அந்த நொடியிலிருந்து விமானம் எறிந்த கல்லைப் போல ஒரு பரவளையத்தில் பறக்கிறது. விமானமும் ஆட்களும் பொருள்களும் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுவதால் யாருக்கும் எடை இல்லை. இது சுமார் 27 நொடி நீடிக்கும். அதற்குள் விமானம் ஏறத்தாழ 900 மீட்டர் மேலே போய், அதே அளவு கீழே வந்துவிடுகிறது.

பலரும் ஈர்ப்பே இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ஈர்ப்பு முழுதாக இருக்கிறது; விமானி அதற்குச் சரியாக வழிவிட்டுப் பறக்கிறார், அவ்வளவுதான். அந்த வழிவிடலில் நூறில் ஒரு பங்கு பிசகினால் என்ன ஆகும்? மிதக்கும் பந்து எட்டே நொடியில் மூன்று மீட்டர் நகர்ந்து தரையிலோ கூரையிலோ ஒட்டிக்கொள்ளும். காட்சி அங்கேயே கெட்டது. 21 முறை பறந்தீர்கள். ஒவ்வொரு பறப்பிலும் 15 பரவளையங்கள். மொத்தம் 315 முறை அந்தத் துல்லியத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். எங்கள் பார்வையில் இந்தக் காணொளியின் முதல் நடன இயக்குநர் விமானிதான்.

அடுத்து, பாட்டைக் கணக்கோடு நீட்டிக் கொடுத்தவர்களுக்கு. ஒவ்வொரு பரவளையத்திலும் எடையின்மை 27 நொடி, அதற்குள் அடங்க வேண்டிய பாட்டின் பகுதியோ 21 நொடி. 27-ஐ 21-ஆல் வகுத்தால் சுமார் 1.286. பாட்டை அந்த விகிதத்தில் மெதுவாக ஓடவிட்டு நடித்து, எடுத்த படத்தை அதே விகிதத்தில் வேகமாக்கினீர்கள். இதைச் செய்து பார்க்க விரும்புகிற நண்பர்களுக்குச் சில குறிப்புகள். நிமிடத்துக்கு 140 தாளத்தட்டு உள்ள பாட்டைச் சுமார் 109-க்கு இறக்க வேண்டும். வேகத்தை மட்டும் குறைத்தால் சுருதி நாலு அரைச்சுரத்துக்கு மேல் தாழ்ந்துவிடும். வாயசைக்கிறவருக்குப் பாட்டே பிடிபடாது. சுருதி மாறாமல் நீட்டும் மென்பொருளில் நீட்டி, மேலே தாளம் காட்டும் கிளிக் சத்தம் சேர்த்துக் கொடுங்கள். முடிந்த படம் நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், 31-க்குச் சற்றுக் குறைவாகப் படம்பிடிக்க வேண்டும். 24-லேயே பிடித்துவிட்டு எடிட்டில் வேகமாக்கினால் இடையிடையே ஃபிரேம்கள் விடுபட்டு அசைவு திக்கும். கேமரா நகரும் ஷாட்டில் அது அப்பட்டமாகத் தெரியும்.

விமானப் பணிப்பெண் உடையில் வந்த இரு சாகசக் கலைஞர்களுக்கும், எல்லோருக்கும் மிதக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர்களுக்கும் தனி நன்றி. அந்தரத்தில் மாட்டிக்கொண்டவர் கையைக் காலை எவ்வளவு உதறினாலும் இடம் பெயர முடியாது. உந்தித் தள்ள ஏதாவது வேண்டும். கிளம்பும்போது கொடுக்கிற தள்ளல்தான் முழுப் பயணத்தையும் தீர்மானிக்கிறது. மடிக்கணினியைக் கையிலிருந்து விடும்போது நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகம் தவறுதலாகச் சேர்ந்தால், பரவளையம் முடிவதற்குள் அது 2.7 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். கேமரா பிடிப்பவருக்கும் இதே சிக்கல்தான்: கேமராவை வலப்பக்கம் திருப்பினால் அவர் உடல் இடப்பக்கம் சுழலும். எடை திரும்பும்போது யார் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் இல்லையென்றால் கழுத்து முறிந்திருக்கும்.

ஒரே பறப்பில் அடுத்தடுத்து எட்டு பரவளையங்கள், சுமார் 45 நிமிடம் நிறுத்தாமல் ஓடிய ஒரே டேக். நடுவில் சில நிமிடம் எடை இருக்கும் இடைவெளிகளை எடிட்டில் எடுத்திருக்கிறீர்கள். சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. ஒரு பரவளையம் முடிந்தபோது ஒவ்வொருவரும் எங்கே எப்படி இருந்தார்களோ, இரட்டை எடை அழுத்தும்போதும் அப்படியே இருந்து, அடுத்ததை அதே நிலையில் தொடங்க வேண்டும். தோள் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒட்டு தெரியும். மீதியிருந்த சின்ன வித்தியாசங்களை ஒரு பிம்பத்தை இன்னொன்றாக உருமாற்றி மறைத்த எடிட்டர்களே, ஒட்டு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தும் பல இடங்களில் எங்கள் கண்ணுக்குச் சிக்கவில்லை.

வண்ணச் சாயம் நிரப்பிய பலூன்களைக் கடைசிக்கு வைத்தது எவ்வளவு சரியான முடிவு! சாயம் ஒருமுறை சிதறினால் உடையும் இருக்கைகளும் அந்தப் பறப்புக்கு முடிந்தன. இடையில் துடைக்க வழியே இல்லை. எடையின்மையில் சாயம் கீழே வடியாது, உருண்டையாக மிதந்து, தொட்ட இடத்தில் அப்பிக்கொள்ளும். எடை திரும்பியதும் மிதந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டும். அடுத்த பறப்புக்காக அதையெல்லாம் கழுவி, பந்துகளைப் பொறுக்கி, இருக்கைகளுக்கு மேலுள்ள பெட்டிகளை மறுபடி நிரப்பியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. வயிறு புரட்டி வாந்தி எடுத்தவர்களைக் கவனித்துக்கொண்டவர்களின் பெயரும்தான். உங்களுக்குக் கைகூப்புகிறோம்.

இதற்குத் துணைநின்ற ரஷ்ய விமான நிறுவனமான எஸ்7 ஏர்லைன்ஸுக்கும் நன்றி. இப்படி ஒரு பறப்பை ஒரு பாட்டுக்காக ஏற்பாடு செய்ய இசைக்குழுவால் தனியாக முடியாது.

கடைசியாக, எப்படி எடுத்தோம் என்பதைக் கேள்வி பதிலாகவும் படப்பிடிப்புக் காட்சிகளாகவும் வெளியிட்டவர்களுக்கு. எங்கே வெட்டினீர்கள், எவ்வளவு வேகமாக்கினீர்கள் என்பதைக்கூட மறைக்கவில்லை. கயிறும் பச்சைத் திரையும் இல்லை என்று சொன்னதோடு நிற்காமல் கணக்கையும் கொடுத்தீர்கள். அந்த 27-க்கு 21 என்று கணக்கிட்ட வழி தரையில் எடுக்கும் படத்துக்கும் பொருந்துகிறது: தண்ணீர் தெறிக்கும் காட்சி, துணி பறக்கும் காட்சி, குதித்து இறங்கும் நடனம் எதுவானாலும், முதலில் நிகழ்வு எத்தனை நொடி என்று அளந்துவிட்டுப் பாட்டை அதற்கேற்ப நீட்டுகிறோம்.

மிக்க நன்றியுடன்,
இசைக் காணொளி எடுக்கும் தமிழ் நண்பர்கள்