படப்பிடிப்பு மாணவருக்கும் பேட்டா வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். திரைத்துறையில் புதியவர்கள் எதிர்கொள்ளும் சிரமங்கள் குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் விடுபட்டுவிட்டார்கள். காட்சித் தொடர்பியல் படிக்கும் என் மகள், சென்னையில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் 45 நாள் பயிற்சி பெற்றாள். ஷாட் தொடங்கும்போது கிளாப் பலகை அடிப்பது, காட்சிக்குக் காட்சி நடிகர்களின் உடை முரண்படாமல் இருக்க உடைத் தொடர்ச்சியைக் குறித்து வைப்பது எல்லாம் அவள் வேலை. காலை 6 மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு 10 ஆகிவிடும். லைட்மேன் முதல் உணவு பரிமாறுபவர் வரை எல்லோருக்கும் அன்றன்றைக்குப் பேட்டா, அதாவது தினப்படி, உண்டு. அவளுக்கு மட்டும் சாப்பாடோடு சரி. விடுதி வாடகையையும் பேருந்துச் செலவையும் நாங்கள்தான் அனுப்பினோம். அவளோடு படித்த இரண்டு பேர் அதற்கு வழியில்லாமல் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். நன்றாகக் கேமரா பிடிக்கும் பிள்ளைகள் அவர்கள்!

தொழிற்சாலைகளில் பழகுநருக்கு உதவித்தொகை தர 1961ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. படப்பிடிப்புத் தளத்தில் உழைக்கும் மாணவருக்கும் அந்த நியாயம் பொருந்தும். சிறு முதலீட்டுப் படங்களுக்குத் தமிழக அரசு மானியம் தருகிறது. அதைப் பெறும் தயாரிப்பாளர், இரண்டு மாணவர்களையாவது சம்பளத்துடன் பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்க்கலாம். அப்புறம் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் அதை விரிவாக்கலாம்.

- ஒரு தந்தை, திருமங்கலம்