பக்கம் இருக்கிறது, வழிதான் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோட்டில் கணினி சேவை மையம் நடத்தி வருகிறேன். சான்றிதழ், மானியம், தேர்வு முடிவு என்று நாள்தோறும் வருபவர்களுக்காக நான் திறக்கும் இணையதளங்கள் பலவற்றில் அவர்கள் தேடும் பக்கம் இல்லாமல் இல்லை. அதற்குப் போகும் வழிதான் தெரிவதில்லை.

அண்மையில் தக்காளி பயிரிடும் விவசாயி ஒருவர் சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்கான படிவம் கேட்டு வந்தார். அதற்கான அலுவலகத் தளத்தின் மெனுவில் 'மானியம்', 'படிவம்' என்ற சொற்களே இல்லை. அலுவலகப் பிரிவுகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. எந்தப் பிரிவு எதைக் கவனிக்கிறது என்பது அங்கே வேலை பார்ப்பவருக்குத் தெரியும். சந்தையில் கூடைகளை இறக்கிவிட்டு வந்தவருக்கு எப்படித் தெரியும்? நான்கு அடுக்குகளைக் கடந்த பிறகு, 'சுற்றறிக்கைகள்' என்ற தலைப்புக்குள் அது அகப்பட்டது.

இதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. இணையதளங்களை அமைத்து நடத்த உதவும் வேர்டுபிரஸ், ட்ரூபல், ஜூம்லா போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களில் பக்கத்தை எழுதிச் சேமிப்பது ஒரு வேலை, அதை மெனுவில் எங்கே காட்டுவது என்பது வேறு வேலை. வேர்டுபிரஸில் 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே, நிரல் எழுதத் தெரியாதவரும் மெனுவை விரும்பியபடி அடுக்கிக்கொள்ள முடிகிறது. ஒரே பக்கத்தைத் 'தோட்டக்கலை', 'மானியங்கள்', 'படிவங்கள்' ஆகிய மூன்றின் கீழும் காட்டலாம். ஒகேனக்கல்லுக்குப் பென்னாகரம் வழியாகவும் போகலாம், அஞ்செட்டி வழியாகவும் போகலாம். அதற்காக யாரும் இரண்டு அருவி கட்டுவதில்லை. சில தளங்களிலோ அதைத்தான் செய்கிறார்கள்: ஒரே படிவத்தை மூன்று இடங்களில் நகலாக ஏற்றிவிட்டு, ஒன்றை மட்டும் திருத்தி மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். பழைய படிவத்தை நிரப்பிக் கொடுத்து, திரும்ப என்னிடமே வந்தவர்கள் உண்டு.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த முடிவதற்காக 2008-இல் வெளியிட்ட அணுகுதன்மை வழிகாட்டு நெறிகள், ஒரு பக்கத்தை அடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்க வேண்டும் என்கின்றன. மெனு, தேடல் பெட்டி, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தள வரைபடம் ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டு இருந்தாலே அது நிறைவேறிவிடும். பக்கங்கள்தோறும் வரும் மெனு ஒரே வரிசையில் அமைய வேண்டும் என்றும் அதே நெறிகள் வற்புறுத்துகின்றன. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு படிக்கும் பார்வையற்றவருக்கு அந்த வரிசைதான் அடையாளம். ஆகவே, மெனுவை எளிதில் மாற்றலாம் என்பதற்காக அதை வாரந்தோறும் கலைத்து அடுக்குவதும் தவறே.

புதிய வடிவமைப்பு என்ற பெயரில் பக்கங்களின் முகவரியையும் மாற்றிவிடுவது இன்னொரு தொல்லை. பழைய முகவரிக்கு வருபவரை 301 எனப்படும் நிரந்தரத் திருப்பத்தின் மூலம் புதிய இடத்துக்கு அனுப்பலாம். அதைச் செய்யாததால், கூகுளில் தேடி வருபவர், பக்கம் கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும் 404 என்ற எண்ணைக் கண்டு, தளமே போய்விட்டது என்று எண்ணிவிடுகிறார்.

வேர்டுபிரஸில் பக்கங்களை எழுதித் திருத்தும் 'எடிட்டர்' நிலையில் இருப்பவருக்கு மெனுவை மாற்றும் அனுமதி இயல்பாகக் கிடையாது. நிர்வாகிதான் தனியே தர வேண்டும். நானறிந்தவரை பல அலுவலகங்களில் அது தரப்படுவதில்லை; சிறு மாற்றத்துக்கும் தளத்தை அமைத்துக் கொடுத்த ஒப்பந்ததாரரின் வரவுக்குக் காத்திருக்கிறார்கள். மக்களின் கேள்விகளை நேரில் கேட்கும் ஊழியருக்கு அந்த அனுமதியை வழங்கி, அதிகம் கேட்கப்படும் பத்துச் சேவைகளை மெனுவின் முதல் நிலையிலேயே வைக்க எங்கள் மாவட்டத்து அலுவலகங்கள் முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அந்த விவசாயி தேடிய படிவம் இதை எழுதும் நாளிலும் 'சுற்றறிக்கைகள்' என்பதன் கீழேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
சேவை மையம் நடத்தும் வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.