முதல் ஷிஃப்டுக்கு முன்னால்

சாட்ஸ்வர்த், டர்பன்
ஞாயிறு காலை

கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. சும்மா "சரி, சரி" என்றுகொண்டிருந்தேன். அப்புறம் அம்மாதான் சொன்னாள், அடுத்த வாரம் முதல் ஜோகன்னஸ்பர்க்கில் சந்தியில் நிற்கப்போகிறாயாமே. அப்பனைப் போலவே போக்குவரத்து உடுப்பு! சந்தோஷம்தான். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்.

போன வாரம் அம்மா டீயைக் கொடுத்துவிட்டு "சக்கரை இருக்கா?" என்றாள். என் காதில் "அக்கறை இருக்கா?" என்று விழுந்தது. "இல்லாமலா இத்தனை வருஷம்?" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது இப்படித்தான் போகும்மா. 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சு ஒலிகள் முதலில் தேயும், ச, ஸ எல்லாம் நழுவும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது புரியாது.

வார்விக் சந்தி உனக்குத் தெரியும். டாக்ஸிக்காரர்கள் ஆள் கூப்பிடுவதே ஹூட்டரில்தான். ரோபோ, அதுதான் சிக்னல் விளக்கு, அணைந்தால் நான் நடுவில் நின்று விசில் ஊதுவேன். அந்த விசில் முதலில் அடித்தது என் காதைத்தான், அது அப்போது உறைக்கவில்லை. சாயந்திரம் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும், உள்ளே ஒரு ரீங்காரம். விடிந்தால் போய்விடும். போய்விட்டது என்றே நினைத்தேன். உள்காதின் மயிரிழை அணுக்கள் செத்தால் திரும்ப முளைக்காதாம்.

சத்தம் 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காதுக்குக் கணக்கு. 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2.

அந்த 85-ஐத் தொடும் வேலையில் சேர்ந்தால் 30 நாளுக்குள் முதல் காதுப் பரிசோதனை என்று 2003-ல் விதி வந்தது. நான் சேர்ந்தது 1988-ல். ஓய்வுபெறும்போது காது போனதைப் பற்றிக் கேட்டதற்கு "வயசுக் கோளாறு" என்றார்கள். முதல் நாள் என் காது எப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு தாள் இல்லை. என்ன வாதாடுவது?

அதனால் அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திராதே, நீயே போய் அந்தப் பரிசோதனையைக் கேள். வேலை முடிந்த கையோடு போகாதே, களைத்த காது தப்பாகக் காட்டும். லீவு நாள் கழித்துக் காலையில் போ. சத்தத்தை வடிகட்டும் காதடைப்பானும் வாங்கிக்கொள், சைரனும் பேச்சும் கேட்கும். கூட நிற்பவர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

பரிசோதனைத் தாளைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பு. எனக்குப் போனில் சொல்லாதே, எழுது.

அப்பா